கீழ்ப்படிதல், நம்பிக்கை, பொறுமை: புனித யோசேவாஸ் முனிவர் காட்டிய வழி



ஜனவரி பிறந்தால் டயகமவில் பனிதான். விடியற்காலையில் பிரட்டுக்குப் போகிறபோது புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். பனி அடித்த மலையில் கொழுந்து கருகி நிற்கும். கூடை நிறையாது, பேரும் குறையும். "எப்பத்தான் நமக்கு ஒரு விடிவு வருமோ" என்ற பேச்சு லயத்து வாசல்களில் இந்த மாதத்தில்தான் கூடுதலாகக் கேட்கும்.

இதே ஜனவரியில், 16ஆம் திகதி, கத்தோலிக்க மக்கள் புனித யோசேவாஸ் முனிவரின் திருநாளைக் கொண்டாடுகிறார்கள். எனவே இந்த இதழின் பாடத்துக்கு அவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டோம். சபை வேறுபாடு பாராமல் எல்லாக் கிறிஸ்தவக் குடும்பங்களும் இதை வாசிக்கலாம். மற்றச் சமயத்துச் சகோதர சகோதரிகள் வாசித்தாலும் பயன் உண்டு. காத்திருத்தல் என்பது நம் தோட்டங்களில் எல்லாருக்கும் பொதுவான விஷயம் அல்லவா?

அண்மையில் தாய்மார் கூட்டம் ஒன்றில் ஒரு அக்கா எழுந்து எங்களைக் கேட்டார்:

"ஐயா, கோவில்ல ஆண்டவர நம்பிக் காத்திருங்கன்னு சொல்றாங்க. நாங்களும் காத்துக்கிட்டுத்தான் இருக்கோம். ஆனா காத்திருக்கிறதுன்னா என்னா செய்யணும்? கையக் கட்டிக்கிட்டு சும்மா இருக்கிறதா?"

அந்த இடத்தில் எங்களுக்குச் சரியான பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோதுதான் யோசேவாஸ் முனிவரின் கண்டிச் சிறை ஞாபகத்துக்கு வந்தது. அந்த அக்காவுக்கு அன்று சொல்லாத பதிலை இன்று எழுதுகிறோம்.

யார் இந்த யோசேவாஸ்?

இவர் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, இந்தியாவில் கோவாவைச் சேர்ந்த பெனோலிம் என்ற ஊரில் பிறந்தார். தாய்மொழி கொங்கணி. 1676இல் குருவானவராகப் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் இலங்கையின் கரையோரப் பகுதி ஒல்லாந்தர் கையில் இருந்தது. அவர்கள் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். பிடித்ததும் கத்தோலிக்கக் குருமாரை நாட்டை விட்டுத் துரத்தினார்கள். பூசை வைக்கக் கூடாது. குருவானவர் யாருக்காவது வீட்டில் இடம் கொடுத்தாலும் தண்டனை. இப்படியே ஏறத்தாழ முப்பது வருடம் போயிற்று. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும், சாகிறவர் பக்கத்தில் நின்று செபிக்கவும் குருவானவர் இல்லாமல் சனங்கள் தவித்தார்கள். இந்தச் செய்தி கோவாவில் இருந்த இளம் குருவானவர் காதில் விழுந்தது. நான் அங்கே போகவேண்டும் என்று அவர் மனதில் தீர்மானித்துவிட்டார்.

1. கீழ்ப்படிதல்

தீர்மானித்த உடனே அவர் கப்பல் ஏறினாரா? இல்லை. இலங்கைக்குப் போக அனுமதி கேட்டபோது, மேலதிகாரிகள் 1681இல் அவரைக் கன்னடக் கரையோரத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே சபைக்குள் பெரிய பிரச்சினைகள். அவற்றைத் தீர்த்து வைக்க நல்ல மனிதர் ஒருவர் தேவைப்பட்டார்.

அவர் மனதில் இருந்தது இலங்கை. கிடைத்ததோ கன்னட நாடு. நாமாக இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்போம். அல்லது பேருக்கு வேலை செய்துவிட்டு நாளைக் கடத்தியிருப்போம். அவர் அங்கே போய் 1684 வரை முழு மனதோடு உழைத்தார். கோவாவுக்குத் திரும்பியபின் வேறு சில குருமாருடன் சேர்ந்து 1685இல் ஒரு துறவுக் குழுவாக வாழத் தொடங்கினார். அவரையே அதற்குத் தலைவராகவும் வைத்தார்கள். பிறகு அந்தப் பதவியை விட்டுவிட்டு, 1686இல் அனுமதியோடு புறப்பட்டார். ஆசைப்பட்டதற்கும் புறப்பட்டதற்கும் இடையில் ஐந்து வருடம்.

அந்த ஐந்து வருடமும் வீண் போகவில்லை. அந்நிய ஊரில், அந்நிய பாஷை பேசும் சனங்களோடு, சண்டைக்காரர் நடுவில் எப்படிப் பொறுமையாக நடப்பது என்பதை அங்கேதான் பழகினார். இலங்கையில் அவருக்கு அந்தப் பழக்கம் முழுவதும் தேவைப்பட்டது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கீழ்ப்படிதல் என்றால் யார் எதைச் சொன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு போவது என்று சிலர் நினைக்கிறார்கள். நம் சனங்களுக்கு அந்தப் பாடத்தை வேறு விதமாக நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாகப் படிப்பித்து வைத்திருக்கிறார்கள். யோசேவாஸ் முனிவர் தன் மேலதிகாரிகளுக்குக் கீழ்ப்படிந்தார். ஆனால் குருமார் வரக்கூடாது என்று ஒல்லாந்தர் போட்ட சட்டத்துக்கு அவர் கீழ்ப்படியவில்லை. ஆண்டவர் சொன்னதற்கு எதிராக மனிதர் கட்டளை போட்டால் எதைக் கேட்க வேண்டும் என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் 5ஆம் அதிகாரத்தில் பேதுருவும் மற்றவர்களும் நமக்குக் காட்டியிருக்கிறார்கள். அநியாயத்துக்குத் தலை ஆட்டுவதற்கு வேதாகமத்தில் கீழ்ப்படிதல் என்று பெயர் இல்லை.

2. நம்பிக்கை

1687இல் அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். குருவானவர் உடுப்போடு வரவில்லை. ஏழைக் கூலியாளைப் போல உடுத்திக்கொண்டு வந்தார். கூட யோவான் என்ற உதவியாள் ஒருவர் மட்டும். வந்த இடத்தில் யாரையும் தெரியாது. பிரயாணத்தில் பிடித்த வயிற்றோட்டம் அவரைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோயிற்று.

கொஞ்சம் சுகமானதும் செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்கப் போனார். எந்த வீட்டில் அந்தச் செபமாலையைக் கண்டு முகம் மாறுகிறதோ அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று கண்டுகொள்வதுதான் அவருடைய யோசனை. அப்படியே கண்டுகொண்டார். பிறகு சில்லாலைக் கிராமத்து மக்கள் அவருக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். தமிழைப் படித்துக்கொண்டார். பகலில் மறைந்திருந்து இரவில் பூசை வைத்தார். ஒல்லாந்தர் தேடுதல் நடத்தியபோது தப்பி, பின்னர் கண்டி அரசனின் ஆட்சியில் இருந்த புத்தளம் பக்கம் வந்தார்.

நம்பிக்கை என்பதை நாம் இங்கே கவனமாகப் பார்க்கவேண்டும். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி அவர் கடற்கரையில் உட்கார்ந்திருக்கவில்லை. பாஷை படித்தார். உடுப்பை மாற்றினார். செபமாலையை வைத்து ஆட்களைத் தேடினார். தன் கையால் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார். தன் கைக்கு எட்டாததை மட்டும் ஆண்டவரிடம் விட்டார்.

நாற்று மேடையில் கன்று வைக்கிற நம் ஆட்களுக்கு இது விளங்கும். மண் போடுகிறோம், தண்ணீர் ஊற்றுகிறோம், நிழலுக்குப் பந்தல் போடுகிறோம். ஆனால் கன்றுக்கு வேர் விடச் சொல்லிக் கட்டளை போட நம்மால் முடியுமா? முடியாது. அதற்காகத் தண்ணீர் ஊற்றாமல் இருக்கிறோமா? அதுவும் இல்லை.

3. பொறுமையான காத்திருத்தல்

1692இல் அவர் கண்டிக்கு வந்தார். அப்போது ஆண்டவன் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன். வந்தவர் குருவானவர் அல்ல, போர்த்துக்கேயருக்கு உளவு பார்க்கிறவர் என்று யாரோ போய்ச் சொல்லி வைத்துவிட்டார்கள். அவரையும் உதவியாள் யோவானையும் பிடித்து அடைத்துவிட்டார்கள்.

ஐந்து வருடம் காத்து, கடல் தாண்டி, சாவுக்குத் தப்பி வந்தவருக்குக் கிடைத்தது சிறை. என்ன செய்தார்? சிறையில் சிங்களம் படிக்கத் தொடங்கினார். காவல் கொஞ்சம் தளர்ந்ததும், இருந்த இடத்திலேயே ஒரு சிறு குடிலைப் போட்டு அதைக் கோவிலாக்கினார். கண்டியில் சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்கள் ஒவ்வொருவராக அங்கே வரத் தொடங்கினார்கள். பிடித்து வைத்திருக்கிற ஆள் எப்படிப்பட்டவர் என்பதைக் காவல்காரரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு நாட்டில் கடும் வரட்சி வந்தது என்றும், மன்னன் கேட்டுக்கொள்ள அவர் செபித்தபோது மழை பெய்தது என்றும் வரலாறு சொல்கிறது. அதன்பின் நாடெங்கும் போய்ப் பணி செய்ய மன்னன் அவருக்கு விடுதலை கொடுத்தான்.

1696 வரை, ஏறக்குறைய ஒன்பது வருடம், இந்த நாட்டில் அவர் தனிக் குருவானவர். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியது. மன்னனும் பெரிய மனிதர்களும் ஊரை விட்டுப் போனார்கள். சொந்தக்காரரே நோயாளியைக் கைவிட்டு ஓடினார்கள். யோசேவாஸ் முனிவரும் உதவிக்கு வந்திருந்த அவருடைய மருமகன் முறையான குருவானவரும் அங்கேயே நின்று, நோயாளிக்குக் கஞ்சி கொடுத்தார்கள், புண்ணைக் கழுவினார்கள், செத்தவரை அடக்கம் செய்தார்கள். என்ன சாதி, என்ன சமயம் என்று கேட்கவில்லை. சிறையில் படித்த சிங்களம் அந்த நேரத்தில் எவ்வளவு உதவியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நமது மலையில் கவ்வாத்து வெட்டிய நம்பரைப் பாருங்கள். வெட்டி முடித்ததும் வெறும் குச்சி. பல மாதத்துக்குக் கொழுந்து இல்லை. அதற்காக அந்த மலையை யாரும் விட்டுவிடுவதில்லை. புல் வெட்டுகிறோம், கான் வெட்டுகிறோம், உரம் போடுகிறோம். கொழுந்து வருகிற நாளுக்கு மலை தயாராக இருக்கவேண்டும். கூட்டத்தில் கேட்ட அக்காவுக்கு எங்கள் பதில் இதுதான்: காத்திருக்கிற காலத்துக்கும் ஒரு வேலை உண்டு. கண்டிச் சிறையில் முனிவர் செய்தது அந்த வேலையைத்தான்.

வேதாகமத்தில் இன்னொரு சிறை

ஆதியாகமம் 37 முதல் 41 வரை உள்ள அதிகாரங்களில் யோசேப்பின் கதை இருக்கிறது. பதினேழு வயதில் சொந்த அண்ணன்மார் அவனை விற்றார்கள். முப்பது வயதில்தான் பார்வோன் முன்னால் நின்றான். நடுவில் பொய்ப் பழி, சிறை. சிறையிலும் அவன் சும்மா இருக்கவில்லை. மற்றக் கைதிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எடுத்துச் செய்தான்.

நாம் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம் அங்கே இருக்கிறது. அரசனுக்குப் பானம் கொடுக்கிறவன் விடுதலையாகிப் போகும்போது, என்னைப் பற்றி அரசனிடம் ஒரு வார்த்தை சொல் என்று யோசேப்பு அவனைக் கேட்டுக்கொண்டான். ஆண்டவரை நம்பிய யோசேப்பே மனிதனிடமும் உதவி கேட்டான். அது நம்பிக்கைக் குறைவு அல்ல. வெளியே போனவனோ இரண்டு வருடம் அவனை மறந்துபோனான்.

இந்த இடத்தில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பல வருடத்துக்கு முன், வேறொரு தோட்டத்தில் நாங்கள் வேலை பார்த்த காலம். ஓய்வு பெற்ற ஒரு அம்மாச்சி ஈ.பி.எப். பணம் எடுக்கக் கடதாசி கொண்டுவந்து கொடுத்தார். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். "சரி பண்ணி அனுப்புறோம், பொறுமையா இருங்க அம்மாச்சி" என்று சொல்லி அனுப்பினோம். அடுத்த மாதமும் வந்தார். அப்போதும் அதையே சொன்னோம். கடதாசி மற்றக் கடதாசிகளுக்கு அடியில் போயிற்று. நாங்கள் மறந்தே போனோம்.

எட்டு மாதம் கழித்துப் பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி வந்தார். சத்தம் போடவில்லை. ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து மேசையில் வைத்தார். அதற்குள் எல்லாக் கடதாசியும் ஒழுங்காக இருந்தது. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்து எடுத்த சத்தியக் கடதாசியையும் தானே போய் எடுத்து வைத்திருந்தார்.

"ஐயா, நான் செய்யிறத செஞ்சிட்டேன். ஆண்டவர் செய்யிறத அவர் செய்வாரு. ஒங்க வேலய நீங்க செஞ்சீங்கன்னா போதும்," என்றார்.

எங்களுக்குத் தலை நிமிரவில்லை. யோசேப்பை மறந்த அந்தப் பானபாத்திரக்காரன் நாங்கள்தான். எங்கள் சோம்பேறித்தனத்துக்குப் பொறுமை என்று பெயர் வைத்து, அதை அந்த அம்மாச்சியின் தலையில் ஏற்றிவிட்டோம். அன்றே கடதாசியை அனுப்பினோம். சில மாதத்தில் பணம் வந்தது. அன்றிலிருந்து "பொறுமையா இருங்க" என்று யாரிடமாவது சொல்லுமுன் எங்கள் மேசையை ஒருதரம் பார்த்துக்கொள்கிறோம்.

எது காத்திருத்தல் அல்ல?

நமது சமூகத்தின் பெரிய காத்திருத்தலை எடுத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் பாட்டன் பாட்டிமார் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எத்தனையோ குடும்பங்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைக் கடலுக்கு அப்பால் அனுப்பியது. இந்திய வம்சாவளியினர் மத்தியில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 55 வருடம். அந்தக் காலமெல்லாம் நம் சனங்கள் வெறுமனே காத்திருந்தார்களா? 1952இல் சத்தியாக்கிரகம் செய்தார்கள். சங்கம் கட்டினார்கள். மனு எழுதினார்கள். பிறப்புச் சான்றிதழைப் பெட்டியில் பத்திரமாக வைத்தார்கள். பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். அப்படி வைத்த கடதாசிகள் பிறகு எத்தனையோ பேருக்கு உதவின.

ஆகவே காத்திருத்தல் என்று எதைச் சொல்லக்கூடாது என்பதையும் தெரிந்துகொள்வோம்.

கணவன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான். "ஒரு நாள் திருந்துவார்" என்று அடியை வாங்கிக்கொண்டிருப்பதை ஆண்டவர் கேட்கவில்லை. அவனுக்காகச் செபியுங்கள். அதோடு வெளியிலும் சொல்லுங்கள், உதவி கேளுங்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. விபூதியோ, செபமோ, இரண்டையும் நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

வீட்டில் கஷ்டம் என்று படிக்கிற வயதுப் பிள்ளையைக் கொழும்பில் யாரோ ஒருவர் வீட்டு வேலைக்கு அனுப்புவது அவசரமே ஒழிய நம்பிக்கை அல்ல. அப்படி அனுப்பிய பிள்ளைகளால் வந்த கண்ணீரை டயகம மக்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கஷ்டம் தாங்க முடியாமல் போனால், தரகரிடம் போகுமுன் எங்களிடமோ, குருவானவரிடமோ, பாடசாலை அதிபரிடமோ வாருங்கள். ஆபிரகாமும் சாராளும் பிள்ளைக்காக இருபத்தைந்து வருடம் காத்தார்கள். நடுவில் பொறுமை இழந்து எடுத்த ஒரு முடிவால் ஆகார் என்ற வேலைக்காரப் பெண்ணும் அவள் பிள்ளையும் எவ்வளவு துன்பப்பட்டார்கள் என்பதையும் வேதாகமம் மறைக்காமல் சொல்கிறது. பெரியவர்கள் அவசரப்படும்போது அதன் பாரம் வீட்டில் சின்னவர்கள் தலையில்தான் விழுகிறது.

பலன்

யோசேவாஸ் முனிவர் இலங்கைக்கு வந்தபின் கோவாவுக்குத் திரும்பவே இல்லை. உயர் பதவி தேடி வந்தபோதும் வேண்டாம் என்றார். இருபத்துநாலு வருடம் இந்த மண்ணிலேயே நடந்து, 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் கண் மூடினார். 1995 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவர் என்று அறிவித்தார். அதே திடலில் 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அவர் இறந்து 304 வருடம் கழித்து! அதையெல்லாம் அவர் காணவில்லை. அம்மை நோயாளிக்குக் கஞ்சி கொடுத்தபோது அந்தக் கஞ்சியைத்தான் கண்டார்.

குடும்பமாகப் பேசிப் பார்க்க

1. இப்போது நம் வீட்டில் எதற்காகக் காத்திருக்கிறோம்? ஒரு தாளில் எழுதுங்கள்.

2. அதில் நம் கையில் உள்ளது எது? அலுவலகத்தில் கேட்கவேண்டியது எது? ஆண்டவர் ஒருவரிடம் மட்டும் விடவேண்டியது எது? மூன்றையும் பிரித்து எழுதுங்கள்.

3. நம்மிடம் உதவி கேட்டு, நாம் மறந்துபோன ஆள் யாராவது உண்டா?

4. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஈ.பி.எப். கடதாசிகள் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா? இந்தக் கிழமையே எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஓய்வு பெறும்வரை வைத்திருக்காமல் இப்போதே எங்களிடம் கொண்டுவாருங்கள்.

செபம்

ஆண்டவரே, இன்றைக்குச் செய்யவேண்டியதை இன்றைக்கே செய்ய எங்களுக்குப் பெலன் தாரும். கேட்கவேண்டிய இடத்தில் பயமில்லாமல் கேட்க வாய் தாரும். எங்கள் கைக்கு எட்டாததை உம்மிடம் விட்டுவிட்டு இரவில் நிம்மதியாகத் தூங்க மனம் தாரும். எங்களை நம்பிக் காத்திருப்பவர்களை நாங்கள் மறந்துபோகாமல் காத்தருளும். ஆமென்.

பனி குறைந்ததும் மலை மறுபடி துளிர்க்கும். அதுவரை கான் வெட்டுவோம், உரம் போடுவோம். அடுத்த இதழில் சந்திப்போம்.